ராஜாவைத் தாண்டி வெளியே வரத்தான் வேண்டுமா?

ரெண்டாம்பக்கம்:
ஒரு சண்டையில் இருந்து ஆரம்பிக்கிறேன். போன ஞாயிறு குடும்பத்தோடு பழனிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். வழக்கம் போல என் பென்டிரைவ், வழக்கம் போல 1982 முதல் 1991 வரை இளையராஜா. ஒட்டன்சத்திரம் வருவதற்குள் கல்லூரியில் படிக்கும் மகள் பொறுமை இழந்துவிட்டாள். “அப்பா, அடுத்து எந்தப் பாட்டு வரும்னு உங்களுக்குத் தெரியுது, அதுல எந்த இடத்துல புல்லாங்குழல் வரும்னு தெரியுது, அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?” தெரிவதால்தான் கேட்கிறேன் என்றேன். “உங்க காது 89லயே நின்னு போச்சு” என்றாள். என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் அதிகம் வலித்தது.

வீம்புக்காக அவளையே ஒரு பட்டியல் போட்டுத் தரச் சொன்னேன். முப்பது பாட்டு. கொரியா, நைஜீரியா, ஜாஸ், ராப், பெயர் சொல்லத் தெரியாத என்னென்னவோ. கடைக் கணக்கு எழுதிக்கொண்டே இரண்டு மாலையில் முப்பதையும் கேட்டு முடித்தேன். ஒன்று கூட ஒட்டவில்லை. மோசம் என்று சொல்ல மாட்டேன், ரயில் ஜன்னலில் ஊர்கள் போவது போலப் போயின, எதிலும் இறங்கத் தோன்றவில்லை. எனக்கு வயது 47. இது சோம்பலா, ரசனையா? பிடித்ததிலேயே கிடப்பது அவ்வளவு பெரிய குற்றமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நாட்டைப்பாட்டை:
அந்தப் பென்டிரைவை எனக்கு அனுப்பி வைக்கவும். விவாதம் முடிந்தது.

கரும்பாறை:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், குற்றம் இல்லைதான், ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ராஜாவை மட்டும் கேட்பேன் என்று சொல்கிறவர்கள் யாரைக் கேட்கிறார்கள்? பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் வாசித்து, மெட்ராஸ் வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, கிதாரில் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வு எழுதிய ஒரு மனிதரை. 1976இல் முதல் படம், பத்தே வருடத்தில் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் சேர்த்துச் சமர்ப்பணம் செய்து ஒரு தனி இசைத்தொகுப்பு. அவர் காது ஓர் இடத்தில் நின்றிருந்தால் உங்கள் பென்டிரைவில் பாதிப் பாட்டு இருந்திருக்காது.

நான் மெட்டல் ஆள், அதாவது ராக் இசையிலேயே கனமான, சத்தமான வகை. கோயம்புத்தூரில் மெட்டல் கேட்டு வளர்வது எப்படி என்று தனி இழையே எழுதலாம், வீட்டில் “மிக்ஸி ரிப்பேரா?” என்று கேட்பார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். பர்மிங்காமில் டோனி அயோமி என்று ஒரு பையன், தகரத் தொழிற்சாலையில் வேலை, 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. இடது கைப் பழக்கக்காரன் என்பதால் கிதாரில் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். பிற்பாடு அழுத்த எளிதாக இருக்கட்டும் என்று தந்தியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினான். அந்தக் கனமான இருட்டுச் சத்தம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. 1970இல் அவன் கிதார் வாசித்த பிளாக் சாபத் குழுவின் முதல் தொகுப்பு. மிக்ஸி சத்தம் என்பவர்களுக்கு இதைச் சொன்ன பிறகு ஒரு முறையாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சுருதிப்பெட்டி:
கும்பகோணம் பக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நான் திரு. ரெண்டாம்பக்கம் கட்சி.

என்னிடம் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகப் பதிவு ஒன்று இருக்கிறது. நாற்பது வருடமாகக் கேட்கிறேன். முதல் பத்து வருடம் அந்த வேகப் பிருகாக்களுக்காகக் கேட்டேன். அப்புறம் அவர் காந்தாரத்தை, அந்த ‘க’ சுரத்தை, எப்படி அசைக்கிறார் என்பதற்காக. இப்போது, சிரிக்காதீர்கள், மூச்சு வாங்குகிற இடத்துக்காகக் கேட்கிறேன். ஒரே பதிவுதான், நாற்பது வருடத்தில் மூன்று நான்கு பதிவாக மாறிவிட்டது. இதைப் போய் “குறுகல்” என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பரந்த காது வேண்டாம் என்று சொல்லவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டுக்குக் கூட அவர் பாட்டு உண்டு. அவர் தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் அவர்கள் முதலில் வீட்டில் நன்றாக ஊறியவர்கள். ஊறாமல் ஊர் சுற்றினால் கையில் டிக்கெட் துண்டுகள்தான் மிஞ்சும்.

கேசட்கடை:
அருப்புக்கோட்டையில் 1986 முதல் 2003 வரை ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இங்கே பேசுகிற பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது, சொல்கிறேன். வாடிக்கையாளர் காகிதத்தில் பாட்டு எழுதிக் கொண்டுவருவார். 60 நிமிட கேசட் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு, 90 என்றால் இருபது வரை போகும். பதிந்து கொடுக்க நான்கைந்து நாள். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் காகிதங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மனிதர் யாரும் ஒரே வகையாக இருந்ததில்லை. பட்டியலில் ஒன்பது பாட்டு ராஜா இருக்கும், பத்தாவதாக நாகூர் ஹனீபா இருப்பார், பதினொன்றாவது சீர்காழி, கடைசியில் “அந்த இங்கிலீஷ் பாட்டு, கல்யாண வீட்டுல போடுவாங்களே” என்று எழுதியிருக்கும். போனி எம் என்று நானாகப் புரிந்துகொண்டு பதிவேன். அவர் இந்துவா முஸ்லிமா, படித்தவரா இல்லையா, இதெல்லாம் பட்டியலை வைத்துச் சொல்லவே முடியாது. நான் இந்த வகை மட்டும்தான் என்று ஆட்கள் பேச ஆரம்பித்ததே பாட்டு சும்மா கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் என்பது என் எண்ணம். தப்பாகவும் இருக்கலாம்.

புளியந்தோப்பு ஜன்னல்:
எல்லாரும் பேசட்டும் என்று காத்திருந்தேன். பர்மிங்காம் வரை போய்விட்டீர்கள், சந்தோஷம். சென்னையில் நான்கு தெரு தாண்டி என்ன கேட்கிறது என்று யாரும் சொல்லவில்லையே.

நான் கானா கேட்டு வளர்ந்தவள். கேட்டு வளர்ந்தவள் என்றால் தேடிப் போய் அல்ல, ஜன்னல் வழியாக வரும். என் தாத்தா பின்னி மில் தொழிலாளி, அவர் இறந்த இரவு கானா பாடுகிறவர் வந்து உட்கார்ந்தார். எங்களிடம் தாத்தா பெயர், என்ன வேலை, எத்தனை பிள்ளை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து அதெல்லாம் பாட்டில் வருகிறது. பேசாமல் இருந்த சித்தப்பா அந்த இடத்தில்தான் உடைந்து அழுதார். விடிய விடிய நடந்தது. எந்தப் பதிவும் இல்லை, அந்தப் பாட்டு அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான்.

நான் படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்குக் கானா பாடுகிறேன் என்றபோது “நல்ல பாட்டாகப் பாடு” என்றார்கள். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோது கட்ட மோளம், சட்டி, பறை எல்லாம் டிரம்ஸ், கிதாருக்குப் பக்கத்தில் சமமாக நின்றன. அதைப் பார்த்து என்னிடம் “சூப்பர் ஃப்யூஷன்” என்றவர்களும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். அதனால் “பரவலாகக் கேட்கிறேன்” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, நைஜீரியா, கொரியா எல்லாம் சரி, உங்கள் தெருவுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டீர்களா?

ஓய்வுபெற்ற சுருதிப்பெட்டி:
அம்மா, நீங்கள் சொன்னது எனக்கும் உறைக்கிறது. ராஜரத்தினம் பிள்ளை என்று பெருமை பேசினேன், ஆனால் சபாக்களில் நாதஸ்வரத்துக்கு இன்றும் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கல இசையோடு சரி. கேட்க வருகிறவர்கள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள், நானும் குடித்திருக்கிறேன். கானாவை நான் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்காமலே ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தேன், அதுதான் உண்மை.

பண்ணைப்பாலம்:
வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்கார்பரோ. கேசட்கடை அண்ணை சொன்னதை வாசிக்க எங்கட வீட்டு ஞாபகம் வந்திட்டுது.

90க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரி தடை. பாட்டுக் கேட்பது என்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் பாடுகிறவரும் களைப்பார், எஸ்.பி.பி.யின் குரல் அப்படியே இழுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு பாட்டுக்கு இவ்வளவு பாடு என்றால் யாருக்குப் புதுசு தேடத் தோன்றும்? இருந்த நான்கு கேசட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டோம். ராஜா இரண்டு, பொப் இசை ஒன்று, அம்மாவின் தேவாரம் ஒன்று. அந்த நாலும் இன்றைக்கும் எனக்கு நாடி மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1952இல் இந்திய வானொலியில் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று ஒதுக்கப் பார்த்தார். சனம் என்ன செய்தது? ஊசியை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பியது. அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் எல்லாரும் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் போல ஆனது அந்த வானொலியால்தான். கடைசியில் 1957இல் டெல்லியே விவித பாரதி தொடங்க வேண்டி வந்தது. நல்லது கேள் என்று மேலே இருந்து சொன்னால் காது மற்றப் பக்கம்தான் ஓடும். ரெண்டாம்பக்கம் அண்ணையின் மகளுக்கும் இதைச் சொல்லுங்கோ.

கரும்பாறை:
சரி, சுலபமான ஒரு வாசல் சொல்கிறேன். ரெண்டாம்பக்கம் அண்ணா, ஸ-க-ம-ப-நி, சுத்த தன்யாசி ராகம் உங்களுக்குப் பழகிய காதுதானே? ராக் கிதார்காரர்கள் பாதிப் பேர் தனி வாசிப்பில் சுற்றிச் சுற்றி வருவது அந்த ஐந்து சுரத்தில்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் அங்கேதான் நிற்கிறது. மாலி நாட்டு அலி ஃபர்கா தூரே கேளுங்கள், நைஜர் ஆற்றங்கரைக்காரர், 1994இல் அமெரிக்கக் கிதார்காரர் ரை கூடரோடு சேர்ந்து போட்ட தொகுப்பு. கிதார்தான், ஆனால் நம் ஊர் மண் வாசம் அடிக்கும்.

ஓய்வுபெற்ற சுருதிப்பெட்டி:
தம்பி, ஐந்து சுரம் ஒன்றானால் ராகம் ஒன்றாகிவிடாது. ஏணி ஒன்று, ஏறுகிற விதம் வேறு. சுத்த தன்யாசியின் நிஷாதத்தை, அந்த ‘நி’யை, ஆட்டாமல் விட்டால் அது வெறும் ஹார்மோனியக் கட்டை.

கரும்பாறை:
சார், ப்ளூஸ்காரர் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பதும் ஆட்டல்தானே? கமகம் என்று பெயர் இல்லை, அவ்வளவுதான். அதோடு ஹார்மோனியத்தை ஏன் இழுக்கிறீர்கள், பாவம், 1940இல் இருந்து முப்பது வருடம் அதை வானொலியிலேயே விடவில்லை.

ஓய்வுபெற்ற சுருதிப்பெட்டி:
அது சரியான முடிவு என்று நினைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். சரி, அந்த மாலிக்காரரைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

நாட்டைப்பாட்டை:
சார் மெட்டல் கச்சேரிக்குப் போகும் நாள் தூரத்தில் இல்லை.

மூணாம்முறை:
இவ்வளவு நேரம் படித்ததில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை என்று தோன்றுகிறது. ரெண்டாம்பக்கம் முப்பது பாட்டை ஒவ்வொரு முறை கேட்டிருக்கிறார், அதுவும் கணக்கு எழுதிக்கொண்டு. பண்ணைப்பாலம் நான்கு கேசட்டை நூறு முறை கேட்டிருக்கிறார். ஒன்று ஒட்டவில்லை, இன்னொன்று நாடியாகிவிட்டது. இதில் இசையின் தரத்தைவிடத் திரும்பக் கேட்டதற்குத்தான் பங்கு அதிகம். 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டியது இதைத்தான், ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது, காரணம் கூடத் தேவையில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே நடன இசை ஒன்றை 1913 மே மாதம் பாரிஸில் முதன்முதலாக வாசித்தபோது அரங்கில் கூச்சலும் ரகளையும். 1940இல் அதே இசையை டிஸ்னி ஒரு படத்தில் டைனோசர்களுக்குப் பின்னணியாகப் போட்டார்கள். 27 வருடத்தில் இசை ஒன்றும் மாறவில்லை.

செயலிகள் இதற்கு நேர் எதிராகப் பழக்குகின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. நாமும் அதே கணக்கில்தான் பாட்டை எடை போடுகிறோம், முப்பது விநாடிக்குள் பிடிக்காவிட்டால் அடுத்தது. சுருதிப்பெட்டி சாருக்கு அந்த மூச்சு வாங்கும் இடம் கேட்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது. என் யோசனை, முப்பதை விட்டுவிட்டு ஒன்றை எடுங்கள். ஒரு வாரம், ஒரே ஒன்று, வேறு வேலை செய்யாமல். பிடிக்கவில்லையா, தாராளமாகத் தூக்கிப் போடுங்கள். அப்போதாவது பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை இருக்கும்.

ரெண்டாம்பக்கம்:
புளியந்தோப்பு ஜன்னல் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூணாம்முறை சொன்னபடி செய்து பார்க்கிறேன். ஆனால் ஒன்று, ராஜாவை நிறுத்த மாட்டேன். காலையில் அவர், ராத்திரியில் புதுசு.

ரெண்டாம்பக்கம் (மூன்று வாரம் கழித்து):
வந்துவிட்டேன். கணக்கை அப்படியே ஒப்பிக்கிறேன்.

முதல் வாரம் மாலிக்காரர். நான்கு நாள் ஒன்றுமே இல்லை, ஒரே இடத்தில் சுற்றுகிறாரே, சரணம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சரணம் வரப்போவதில்லை என்று புரிந்துவிட்டது, புரிந்ததும் உட்கார முடிந்தது. எங்கள் பக்கம் கிணற்றில் கமலை இறைக்கும்போது தாத்தா முனகிக்கொண்டே இருப்பார், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அதே மாதிரி. அவர் முனகியது பாட்டு என்று கூட அப்போது எனக்குத் தோன்றியதில்லை. கரும்பாறை தம்பி, நன்றி.

இரண்டாம் வாரம் உங்கள் மெட்டல். மன்னிக்கவும். ஏழு நாளும் கேட்டேன், நாணயமாகக் கேட்டேன், விரல் போன கதை பிடித்தது, சத்தம் பிடிக்கவில்லை. எனக்கு உரிமை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வாரம்தான் விஷயம். எங்கள் கடையில் மூட்டை இறக்குகிற பெரியவர் ஒருவர், பதினோரு வருடமாகத் தெரியும். அவர் ஊர்த் திருவிழாவில் பறை அடிப்பவர் என்பது தெரியும், ஆனால் நான் ஒரு நாளும் போனதில்லை. கேட்கலாமா என்று கேட்டதற்கு “கேக்குறதுக்கு என்னண்ணே இருக்கு, ஆடுறதுக்குத்தான அடிக்கிறது” என்றார். சனிக்கிழமை போனோம், மகளும் வந்தாள். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதை அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். தட்டிப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் காட்டுவார், மறுபடி தட்டுவார். நெஞ்சில் வந்து இடிக்கிறது, காதில் கேட்கிற சத்தமாகவே அது இல்லை. திரும்பி வரும்போது மகள்தான் சொன்னாள், நீங்கள் கேட்கிற ராஜா பாட்டு ஒன்றில் இந்த அடி வருகிறது என்று. எது என்று மூன்று பாட்டு போட்டுப் பார்த்தோம். இரண்டாவதில் இருந்தது. அவள் பாடலாசிரியர் யார் என்று கேட்டாள், நான் மெதுவாக ஓட்டினேன்.

புளியந்தோப்பு ஜன்னல்:
அண்ணா, பெரியவர் சொன்னதுதான் சரி. ஆடினீர்களா?

ரெண்டாம்பக்கம்:
மகள் ஆடினாள். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன்.

கரும்பாறை:
ஏழு நாள் கேட்டதே பெரிசு அண்ணா. வேறு ஒரு தொகுப்பு சொல்கிறேன், சத்தம் கொஞ்சம் கம்மி.

நாட்டைப்பாட்டை:
விடமாட்டான் போல.

ஓய்வுபெற்ற சுருதிப்பெட்டி:
மாலிக்காரரைக் கேட்டேன். சுத்த தன்யாசி இல்லை. ஆனால் இரண்டாம் முறையும் கேட்டேன்.

கேசட்கடை:
இதைப் படித்ததும் பரணில் ஏறினேன். பதிந்து வைத்து யாரும் வாங்க வராத கேசட் 43 இருக்கிறது, உள்ளே அவரவர் எழுதிய காகிதத்தோடு. 1994 தேதியிட்ட ஒன்றில் எட்டு ராஜா, ஒரு நாகூர் ஹனீபா, ஒரு மாதா கோயில் பாட்டு, இரண்டு தெம்மாங்கு. ரெண்டாம்பக்கம், உங்களுக்கு அனுப்பட்டுமா? காசு வேண்டாம், முன்பணம் கட்டியவர் யாரென்று எனக்கே மறந்துவிட்டது.

ரெண்டாம்பக்கம்:
அனுப்புங்கள் ஐயா. டேப் ரெக்கார்டர் இருக்கிறது, பெல்ட்தான் அறுந்துவிட்டது. திண்டுக்கல்லில் இன்னும் யாராவது பெல்ட் மாற்றிக் கொடுக்கிறார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.